மவுண்ட் ரோடு பதினாலு மாடி

அந்தக் காலத்தில் மெட்ராஸ் போய்த் திரும்பியவனிடம் ஊரில் மூன்று கேள்வி கேட்பார்கள். "உயிர் காலேஜ் பார்த்தியா? செத்த காலேஜ் பார்த்தியா? பதினாலு மாடி பார்த்தியா?" உயிர் காலேஜ் மிருகக்காட்சிசாலை, செத்த காலேஜ் எழும்பூர் மியூசியம். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடம்.

நான் அதை முதலில் பார்த்தது 1961-ல், பதினோரு வயதில். என் தாய்மாமா பாண்டிச்சேரியில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார். சரக்கெடுக்க மெட்ராஸ் கோடவுன் தெருவுக்குப் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக பஸ் சைதாப்பேட்டைக்குள் நுழைந்ததுமே, "இடது பக்கம் வலது பக்கம் எல்லாம் பார்க்காதே, நேரா பாரு, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆயிரம் விளக்கு மசூதி தாண்டி, ஸ்பென்சர் தாண்டியதும் அது பக்கத்திலேயே வந்து நின்றது. எனக்கு ஜன்னல் வழியாக உச்சி தெரியவில்லை. மறுநாள் இதற்கென்றே நடந்து வந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எண்ணினோம்.

அங்கேதான் சண்டை வந்தது. மாமா கீழ்த்தளத்தை ஒன்று என்று வைத்து எண்ணினார். நான் அதைச் சேர்க்கவில்லை. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் தரைத்தளம் ஒரு மாடியே அல்ல. அது 'ரெ-த-ஷொஸே', அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. "தரையில இருக்கறது எப்படி மாமா மாடி ஆவும்?" என்றேன். "எண்ணக்கூடச் சொல்லித் தரலியா உங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். உண்மையில் தமிழிலும் என் கணக்குத்தான். மாடி வீடு என்றால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்றுதானே அர்த்தம்? ஆனால் ஊரே பதினாலு என்று சொல்லும்போது பதினோரு வயதுப் பையன் பேச்சு எடுபடுமா? தரைத்தளத்தையும் உச்சியில் இருக்கும் சின்னத் தளங்களையும் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்து, இன்றைக்கும் பன்னிரண்டு என்பாரும் உண்டு, பதினாலு என்பாரும் உண்டு, பதினைந்து என்பாரும் உண்டு.

இந்த எண்ணிக்கை பற்றிய பழைய சிரிப்புக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கிராமத்து ஆள் ஒருவர் வாயைப் பிளந்து மாடியை எண்ணிக்கொண்டிருக்க, உள்ளூர் கில்லாடி ஒருவன் வந்து, "எத்தனை எண்ணினே? மாடிக்கு ஒரு ரூபாய் கட்டணம்" என்கிறான். "ஏழுங்க" என்று ஏழு ரூபாயைக் கொடுத்துவிட்டு, "பதினாலும் எண்ணிட்டேன், பட்டணத்தானை ஏமாத்திட்டேன்" என்று இவர் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாராம்.

அன்று மாமா இன்னொன்றும் சொன்னார். "எல்லாம் நம்ம கவர்மெண்டு கட்டினதுடா." நான் அதை அப்படியே நம்பினேன். பிறகு அரசாங்க குமாஸ்தாவாகி, பில் செக்‌ஷனில் உட்கார்ந்து, மாதாமாதம் சம்பளப் பட்டியலில் எல்.ஐ.சி. பிடித்தம் என்ற பத்தியைப் பல வருஷம் எழுதினேன். அந்தப் பத்தியை எழுதும்போது சில நாள் அந்தக் கட்டிடம் மனதில் வந்து போகும். அரசாங்கம் கட்டியது, நாமும் அரசாங்கம் என்று ஒரு சின்னப் பெருமை. என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

2009 வாக்கில் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நகரத்தார் பெரியவர். பேச்சு மெட்ராஸ் பக்கம் போனது. நான் வழக்கம்போல் அந்தப் பெருமையை எடுத்துவிட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம். "கவர்மெண்டு கட்டினதுன்னு யாருங்க ஐயா சொன்னது? அது எங்க பக்கத்துக்காரர் கட்ட ஆரம்பிச்சது. பாக்கறதுக்கு அவர் இல்லை" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பது வருஷமாகத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஊருக்கு வந்தபின் தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1908-ல் பிறந்தவர். 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தவர் அவர்தான். முதல் நாளிலேயே காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் கதவு திறந்த வங்கி அது. ரங்கூன் ஏன் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் செட்டிநாட்டார் கொடுக்கல் வாங்கல் எத்தனை பெரியது என்பது தெரிந்ததே. கடல் கடந்த வியாபாரத்துக்குத் தங்கள் சொந்த வங்கி வேண்டும் என்பது அவர் எண்ணம். அதே குடும்பத்தின் நிர்வாகத்தில் இருந்த இன்னொரு நிறுவனம் யுனைடெட் இந்தியா லைஃப் அஷ்யூரன்ஸ். 1906-ல் மெட்ராசில் தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி அது. அந்தக் கம்பெனிக்குத் தலைமை அலுவலகமாகத்தான் மவுண்ட் ரோட்டில் வானளாவ ஒரு கட்டிடம் எழுப்ப நினைத்தார்.

அப்போதைய மெட்ராசை நினைத்துப் பாருங்கள். உயரமானது என்றால் ஹைகோர்ட்டின் கலங்கரை விளக்கக் கோபுரம். 1894 முதல் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டியது அதுதான். அப்புறம் மாதா கோயில் கோபுரங்கள், கோயில் ராஜகோபுரங்கள். மனிதர்கள் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் இரண்டு மாடி, மூன்று மாடி, மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேல். அந்த ஊரில் இவர் போட்ட திட்டம் 18 மாடி.

எனக்கு இதில் ஓர் ஆச்சரியம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். படுத்த வாக்கில் நீள்கிற வீடு. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவருக்கு நிமிர்ந்த வாக்கில் ஒரு கட்டிடம் தோன்றியிருக்கிறது. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் செயலகக் கட்டிடம் அப்போதுதான் எழுந்திருந்தது: 39 மாடி, தீப்பெட்டியைக் குறுகலாக நிறுத்தி வைத்தது போன்ற உருவம், குவிமாடமோ கோபுரமோ கிடையாது. அதன் வடிவமைப்பில், பிற்பாடு சண்டிகருக்கு வந்த நம் பிரெஞ்சுக்காரர் லெ கொர்புசியேவுக்கும் பங்கு உண்டு. மவுண்ட் ரோட்டுக் கட்டிடத்தை அந்தச் சாயலில்தான் வரைந்தார்கள். வரைந்தவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மூலேன் என்ற இருவர். மூலேன் என்றால் பிரெஞ்சில் மாவு மில். லண்டன்காரருக்கு இந்தப் பெயர் எப்படி வந்ததோ! 1953-ல் வேலை தொடங்கியது.

கட்டிய முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் பழைய வீடுகளில் பாரத்தைத் தாங்குவது சுவர். தேக்கு உத்தரம் போட்டு, மெல்லிய செங்கலைச் சாய்வாக நெருக்கி அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து போட்டு அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பார்கள். நான் பிறந்த வீடும் அப்படித்தான். ஒன்றரை அடிச் சுவர், கோடையில் உள்ளே குளுகுளு என்றிருக்கும். ஆனால் இந்த முறையில் மேலே போகப் போக அடிச்சுவர் பெருத்துக்கொண்டே போக வேண்டும். சிகாகோவில் 1891-ல் மொனாட்நாக் என்று ஒரு கட்டிடத்தைச் செங்கல் சுவரின் பலத்திலேயே 16 மாடி எழுப்பினார்கள். அடியில் சுவரின் கனம் 6 அடி! அதற்கு மேல் அந்த வழி செல்லாது. அதற்குப் பிறகு உயரமாகக் கட்டியவர்கள் எலும்புக்கூட்டு முறைக்கு மாறிவிட்டார்கள். தூணும் உத்தரமும் சேர்ந்த கூடு பாரத்தைத் தாங்கும். சுவர் என்பது வெயிலையும் மழையையும் தடுக்கிற திரை மட்டும். மவுண்ட் ரோட்டில் அந்தக் கூட்டைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் கட்டினார்கள்.

சுண்ணாம்பிலிருந்து கான்கிரீட் தூணுக்கு மெட்ராஸ் மாறியது இந்தக் கட்டிடத்தோடுதான் என்று எழுதுகிறார்கள். மெட்ராசுக்குச் சரி. பாண்டிச்சேரிக்காரன் நான் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் ஆசிரமத்து கோல்கோண்ட் விடுதியை 1940-களிலேயே கான்கிரீட்டில் கட்டியிருக்கிறோம். வடிவமைத்தவர் அந்தோனின் ரேமோன். சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய பலகைகள், காற்று நேரே உள்ளே வரும். உயரம் இல்லை, அதனால் யாரும் எதிரே நின்று எண்ணவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். வேலை தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. 1954 மார்ச் 13. சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கிய பி.ஓ.ஏ.சி. விமானம் ஒன்று ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. இறந்தவர்கள் 33 பேர். அதில் இருந்த பயணிகள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சிதம்பரம் செட்டியார் அந்தப் பயணிகளில் ஒருவர். வயது 45.

அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதிதான் நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. எனக்கு நான்கு வயது, அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேனாம். அந்த வருஷத்தை எண்ணும்போது எனக்கு இதுவரை அது ஒன்றுதான் நினைவில் வரும். இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது.

கட்டிடம் நின்றுவிடவில்லை, மெல்ல வளர்ந்தது. ஆனால் கட்டுகிற கம்பெனியே அடுத்து இல்லாமல் போனது. 1956 ஜனவரி 19-ம் தேதி மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, நாட்டில் இருந்த ஆயுள் காப்பீட்டு வியாபாரம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டது. இந்தியக் கம்பெனிகள் 154, வெளிநாட்டுக் கம்பெனிகள் 16, பிராவிடன்ட் சங்கங்கள் 75, ஆகமொத்தம் 245. செப்டம்பர் 1-ம் தேதி எல்லாம் சேர்ந்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆயின. யுனைடெட் இந்தியாவும் அதில் ஒன்று. பாதியில் நின்ற கட்டிடமும் சொத்துக் கணக்கில் சேர்ந்து கைமாறியது. தேசியமயம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பல கம்பெனிகள் மக்கள் பணத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடிய காலம் அது. ஏழை எளியவன் நம்பிக் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு வந்தது. நானே அந்தப் பிடித்தத்தை வருஷக்கணக்கில் எழுதியவன்.

1957-ல் பிரவுனும் மூலேனும் விலகினார்கள். மெட்ராசிலேயே தொழில் நடத்திவந்த கட்டிடக் கலைஞர் எல்.எம். சித்தலே பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தார். இதற்கிடையில் 18 மாடி என்ற திட்டமும் குறைக்கப்பட்டுவிட்டது. முடிந்தபோது உயரம் 177 அடி, செலவு 87 லட்சம் ரூபாய். இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் என்ற பெயர் 1961 வரை அதற்கு இருந்தது, பிறகு பம்பாய் தட்டிக்கொண்டு போய்விட்டது. மெட்ராசில் மட்டும் பல பத்தாண்டுகள் அதற்கு மேல் எதுவும் எழவில்லை. ஆனால் உயரம் என்று பேச்சு வந்தால் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமும் நம் பதினாலு மாடியைவிட உயரம்தான். மேலே போய் உட்கார்ந்து ஃபைல் பார்க்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திறப்பு விழா 1959 ஆகஸ்ட் 23. திறந்து வைத்தவர் மத்திய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய். இங்கே பழைய குமாஸ்தாவின் புத்தி கொஞ்சம் குடைகிறது. மொரார்ஜி எப்படி நிதி அமைச்சர் ஆனார்? அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, மெட்ராஸ்காரர். 1957-ல் எல்.ஐ.சி. பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதை, நேருவின் மருமகன் பெரோஸ் காந்தியே பாராளுமன்றத்தில் கிளப்பினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். மார்ச்சில் மொரார்ஜி வந்தார். அந்த விவகாரம் மட்டும் இல்லாதிருந்தால், மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் கட்டிய கட்டிடத்தை ஒரு மெட்ராஸ்காரர் திறந்து வைத்திருக்கலாம். நினைத்தவர் ஒருவர், வரைந்தவர்கள் இருவர், முடித்தவர் வேறொருவர், திறந்தவர் இன்னொருவர். பெயர் இவர்கள் யாருடையதும் இல்லை, மூன்று எழுத்து.

எங்கள் அலுவலகத்தில் எந்த ஃபைலாக இருந்தாலும் முதல் குறிப்பை எழுதிய குமாஸ்தாவின் சுருக்கெழுத்து இடது ஓரத்தில் இருக்கும். மேலே பத்து அதிகாரிகள் கையெழுத்துப் போட்டாலும் அது அழியாது. பிரெஞ்சு நிர்வாகத்தின் பழைய ஃபைல்களில்கூட அப்படி ஓரத்தில் கிறுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1975 ஜூலை 11-ல் கட்டிடத்தில் பெருந்தீ பிடித்தது. அப்போது நான் வேலையில் சேர்ந்து சில வருஷம். பேப்பரில் படித்தபோது இடிந்து விழுந்துவிடும் என்றே நினைத்தோம். ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு வேலையாக மெட்ராஸ் போனபோது பார்த்தேன். கருகிய ஜன்னல்கள், சுவரில் நாக்கு நாக்காகப் புகைக்கரி. ஆனால் நின்றது. நான் முன்னால் சொன்ன கூட்டு முறை இதற்குக் காரணம். தீ தின்றது மரச்சாமானையும் காகிதத்தையும். கான்கிரீட் கூடு தாங்கிக்கொண்டது. பழுது பார்த்து மறுபடி அலுவலகம் நடத்தினார்கள். 2023 ஏப்ரலில் உச்சியில் இருந்த விளம்பரப் பலகை தீப்பிடித்தபோது என் சிநேகிதர் ஒருவர் போன் செய்து, "உங்க கட்டிடம் எரியுது, டி.வி.யைப் போடுங்க" என்றார். சீக்கிரம் அணைத்துவிட்டார்கள். என் கட்டிடம் என்று அவர் சொன்னது எனக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பக்கத்திலேயே பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடம் என்று ஒன்று உண்டு. 1897-ல் ஒரு வெள்ளைக்கார மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. கோபுரமும் வளைவுமாக அழகோ அழகு. அதுவும் இதே தேசியமயத்தில் எல்.ஐ.சி.க்கு வந்து சேர்ந்தது. 2006-ல் அதை இடிக்க ஆரம்பித்து, கோர்ட் தடை போட்டு நின்றது. ஒரே சொந்தக்காரருக்கு இரண்டு கட்டிடம். ஒன்றுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், மற்றதற்கு மரம் முளைத்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

போன வருஷம் பேரனோடு சென்னை போனேன். இப்போது அங்கே மெட்ரோ ரயில். பூமிக்கு அடியில் போகிறது. நிலையத்துக்குப் பெயரே எல்.ஐ.சி.தான். அண்ணாந்து பார்த்த கட்டிடத்தின் பெயரை இப்போது தரைக்குக் கீழே ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். மேலே ஏறி வந்து, பழையபடி எதிர்ப்பக்கம் போய் நின்றோம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டிடங்கள். பேரன், "இதுவா தாத்தா?" என்றான். எண்ணச் சொன்னேன். மாமா மாதிரியே கீழ்த்தளத்தையும் சேர்த்து எண்ணினான். நான் திருத்தவில்லை.

"இதை யாரு கட்டினது தெரியுமா?"

"எல்.ஐ.சி."

"இல்லடா. சிதம்பரம் செட்டியார்னு ஒருத்தர்."

"தெரியும் தாத்தா, கிரிக்கெட் ஸ்டேடியம் சிதம்பரம்."

"அவர் எம்.ஏ. சிதம்பரம். செட்டிநாட்டு ராஜா குடும்பம். இவர் எம்.சி.டி.எம். வேற ஆள்."

இரண்டையும் இரண்டு தடவை சொல்ல வைத்தேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த பிறகு மூன்றாம் தடவை கேட்டேன், சரியாகச் சொன்னான்.